ரிப்பன் கட்டிய வண்டி

கண்ணையனுக்கு வலது தோள் எரிந்தது. வெயிலால் வருகிற எரிச்சல் இல்லை. எலும்புக்கும் சதைக்கும் நடுவில் யாரோ மிளகாயை அரைத்து அப்பிவிட்ட மாதிரி இருந்தது. முதல்நாள் விடியலில் ஆரம்பித்து, கட்டு கட்டாகக் கரும்பைத் தூக்கி வண்டியில் ஏற்றியதெல்லாம் அந்தத் தோள்தான். துண்டை நனைத்துச் சுருட்டித் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு, வண்டியின் ஏர்க்கால்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், டிரங்க் ரோட்டின் ஓரமாக, கரும்பாலை கேட்டிலிருந்து புளியமரங்களுக்கு அடியிலேயே நீண்டு கிடந்தது வரிசை. எப்போது நகரும் என்பது ஆலைக்கே தெரியாது.

"கொஞ்சம் எறங்கி உக்காருங்களேன்" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். முப்பது வயதுக்குமேல் இருக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி.

"நீங்க உக்காந்திருக்கற பாரமும் அதுங்க கழுத்து மேலதான் எறங்குது. அதான் சொன்னேன்."

கண்ணையனுக்குச் சுர்ரென்று வந்தது. "ஏம்மா, மாட்டுக் கழுத்து தெரியுது உனக்கு. என் தோளு தெரியலியா?"

"தெரியுதுங்க. மஞ்சள் போட்டுக் காய்ச்சின வேப்பெண்ணெ இருக்குது. மாட்டுக்குப் போடறதுதான். பரவாயில்லன்னா உங்களுக்கும் தர்றேன்."

முன்வண்டிக்காரன் ராயப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "வாங்கிப் போட்டுக்கணா. ராத்திரி நீ குறட்டை வுடறப்ப நானே உன்னை மாடுன்னுதான் நெனச்சேன்."

ராயப்பன் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஒல்லி, வாய் மட்டும் ரெண்டு ஆள் வாய். அவனும் பெண்டாட்டி அம்சாவும் சேர்ந்தே கரும்பு வெட்டுவார்கள், சேர்ந்தே வண்டி ஏறி வருவார்கள். அவன் ஜோடியில் வெள்ளை என்று ஒரு கிழட்டு மாடு இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. "மாமனாரு ரெண்டு குடுத்தாரு. எதிர்த்துப் பேசாதது வெள்ளை மட்டுந்தான்" என்பான். அம்சா கரும்புத் தோகையால் ஒரு அடி வைப்பாள்.

வாளிக்காரி யாரென்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பேர் குசுமா. செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள். போன வருஷம் கலெக்டருக்கும் போலீசுக்கும் மனுப் போட்டது அவள்தான். கழுத்துப் புண்ணோடு மாட்டைப் பூட்டினான் என்று வண்டிக்காரன் பாண்டுரங்கனை வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். கரும்பு ஸ்டேஷன் வாசலிலேயே காய்ந்தது. பாண்டுரங்கன் வெளியே வந்ததும் வராததுமாக அனந்தபுரம் சந்தைக்கு ஓட்டிப் போய் ரெண்டு மாட்டையும் அடிமாடு ஏற்றுகிற கேரளா லாரிக்கு விற்றுவிட்டான்.

அதைத்தான் கண்ணையன் சொல்லிக் காட்டினான். "மாட்டைக் காப்பாத்தறேன்னு வந்து லாரியில ஏத்தி வுட்ட புண்ணியவதி நீதானே?"

குசுமா வாளியைக் கீழே வைத்தாள். முகம் சுருங்கித்தான் போயிற்று. ஆனால் நகரவில்லை.

"ஆமாங்க. பாண்டுரங்கன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெறும் கட்டுத்தறியைத்தான் பாத்துட்டு வந்தேன். ஏன் மாட்டை அவுக்க மாட்டேங்கறீங்கன்னு அன்னிக்கி நான் ஒருத்தரையும் கேக்கல. இப்பக் கேக்கறேன். ஏங்க அவுக்கறதில்ல?"

இப்படி யாரும் கேட்டதில்லை. அதிகாரி கேட்டதில்லை, மாட்டு டாக்டர் கேட்டதில்லை. பதில் எல்லா வண்டிக்காரனுக்கும் தெரிந்ததுதான். கண்ணையன் ஏர்க்காலைவிட்டு இறங்கினான். இறங்கியதும் மாடுகள் தலையை ஓர் ஆட்டு ஆட்டிக்கொண்டன. அது அவன் கண்ணில் பட்டது.

"அவுத்துக்கினு ஏரிக்குத் தண்ணி காட்டப் போறேன்னு வச்சிக்கோ. அந்த நேரம் பாத்து லைன் நகரும். என் வண்டி நகராது. பின்னாடி இருக்கறவன் பூந்துடுவான். அவன் பூந்தா அவன் பின்னாடி இருக்கறவனும் பூந்துடுவான். நான் திரும்பி வந்து பாத்தா என் எடம் போயிருக்கும். ஒரு நாள் லேட்டுன்னா கரும்பு காஞ்சி எடை போயிடும். அதான் பூட்டுனது பூட்டுனபடியே கெடக்குது. நாங்க கல்நெஞ்சுக்காரங்க இல்ல."

"அப்ப எடம் போவாதுன்னா அவுப்பீங்களா?"

"எவன் அவுக்க மாட்டான்? மாடு செத்தா பூட்டறதுக்கு நானா இருக்கேன்?"

ராயப்பன் குறுக்கே விழுந்தான். "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. பஸ்ஸுல ஜன்னல் வழியா ஒரு துண்டைப் போட்டுட்டு நிதானமா ஏறி வர்றோம். துண்டு கெடக்கற எடத்துல எவனாவது உக்கார்றானா? அடிச்சிக்கினு சாவற கூட்டத்துலகூட உக்கார மாட்டான். அந்த மாதிரி வண்டிக்கும் ஒரு துண்டு போடலாம்."

சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் குசுமா சிரிக்கவில்லை. ராயப்பன் முகத்தையே பார்த்தாள். "இதுதாங்க" என்றாள். "இவ்ளோதாங்க."

அடுத்த வாரமே வேலை ஆரம்பமாயிற்று. துண்டு போட்டால் துண்டு காணாமல் போகிறது. அதனால் இன்ஸ்டிடியூட்டில் தேய்ந்துபோன டைப்ரைட்டர் ரிப்பன்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள் குசுமா. ஒருபக்கம் கறுப்பு, ஒருபக்கம் சிவப்பு. திருடிக்கொண்டு போய் எவனும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டினால் கைதான் கறுப்பாகும். ஏர்க்கால் நுனியில் ரிப்பன் கட்டியிருந்தால் மாடு ஓய்வுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். முன்னால் எத்தனை இடம் விழுந்தாலும் ரிப்பன் கட்டிய வண்டியைத் தாண்டக் கூடாது. இடம் விழுந்ததும் பின்வண்டிக்காரன் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும். மாட்டுக்காரன் ஏரியிலிருந்து ஓடி வர வேண்டும்.

சொல்லும்போது சுலபம்தான். ஏற்றிய வண்டியில் மாட்டை அவிழ்ப்பது ஓர் ஆளால் ஆகாது. பாரம் முழுக்க முன்பக்கம் அழுத்தும். ஒருவன் ஏர்க்காலுக்கு அடியில் தோளைக் கொடுத்து எம்பித் தூக்க வேண்டும், இன்னொருவன் அந்த நேரத்தில் தாங்குகட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பூட்டாங்கயிற்றை அவிழ்க்கலாம். மறுபடி பூட்டும்போதும் இதே பாடு. யார் தோள் கொடுப்பது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணையன்தான் முதலில் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. இறங்கியதும் மாடு தலையாட்டியது கண்ணுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். ராயப்பன் வண்டிக்குத்தான் முதல் தோள். தூக்கியதும் நுகத்தடி எழும்பிற்று. வெள்ளையின் கழுத்தில் அது பதிந்திருந்த இடம் அழுத்திய மண் மாதிரி பள்ளமாக, ஈரமாக இருந்தது. மாடு நாலு அடி வைத்தது. பிறகு நின்று, திரும்பி வண்டியைப் பார்த்தது, வண்டி கூட வரவில்லையே என்கிற மாதிரி. அம்சா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னாமே அழுவுற?" என்றான் ராயப்பன்.

"தூசி" என்றாள்.

அதற்கப்புறம் ஊரெல்லாம் சேர்ந்துகொண்டது. கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த வீரம்மாள், ஓட்டலில் கொட்டுகிற கழனித்தண்ணியை வாங்கி ரெண்டு தொட்டியில் நிரப்பி வைத்தாள். "மனுஷன் குடிச்சிட்டு துட்டு குடுக்காம போறான். மாடு குடிச்சிட்டு ஒரு பார்வையாவது பாக்குது" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் நிரப்புவாள். பஸ் கண்டக்டர்கள் குசுமாவின் வாளிக்கும் கோணிக்கும் லக்கேஜ் கேட்பதை விட்டார்கள். டைப் படிக்க வருகிற பெண்கள் வீட்டிலிருந்து பழைய கோணிகளைக் கொண்டுவந்து, நுகத்தடிக்கு அடியில் வைக்க மெத்தை மாதிரி தைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் குசுமா வருவாள். புண்ணுக்கு எண்ணெய் போடுவாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் மதம், அதனால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். "டீச்சரம்மா, சூரியன் வுழுந்துட்டான், இன்னிக்கி பட்டினிதான்" என்று வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே பயமுறுத்துவார்கள்.

மாடுகள் தேறின. கழுத்தில் பொருக்குத் தட்டி முடி முளைக்க ஆரம்பித்தது. கண்ணையன் தன் மாடுகளைவிட அடுத்தவன் மாடுகளுக்கே அதிகம் தோள் கொடுத்தான். "தோள்காரன்" என்றே பேராகிவிட்டது. புதிதாக வரிசைக்கு வருகிறவனிடம் போய், இப்படி இப்படி, இதுதான் இங்கே சட்டம் என்று அவனே எடுத்துச் சொல்வான். வீட்டில் பெண்டாட்டி ராஜாமணி தோளுக்கு ஒத்தடம் கொடுத்தபடி, "மாட்டுக்கு ஓய்வு குடுக்கறேன்னு நீ மாடாயிட்ட" என்பாள். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பங்குனி வெயில் ஏறிற்று. அன்றைக்குப் புதன்கிழமை. குசுமா வராத நாள்.

முந்தைய ரெண்டு நாளும் கண்ணையனுக்குச் சரியான தூக்கம் இல்லை. தோள் வீங்கிப்போய்க் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. காலையில் குடித்த கூழ் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அவன் தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டுவந்து பூட்டி முடித்திருந்தான். அடுத்தது ராயப்பன் முறை. ராயப்பன் வண்டி அவனுக்கு நேர் முன்னால்.

"வாண்ணா, ஒரு தோளு" என்றான் ராயப்பன். "வெள்ளை காலு நடுங்குது."

கண்ணையன் இடது தோளைக் கொடுத்தான். ராயப்பன் கட்டையை முட்டுக் கொடுத்தான். ரிப்பனைக் கண்ணையனே கட்டினான். ராயப்பனும் அம்சாவும் ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் இறங்கிப் போனார்கள். கரை மறைத்ததும் ஆள் தெரியவில்லை.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து செய்தி வந்தது. வண்டி வண்டியாகத் தாண்டி வந்து, வரும்போதே பெரிதாகிக்கொண்டும் வந்தது. உள்ளே மிஷின் உடைந்துவிட்டது. உள்ளே நிற்கிறது போக வெளியில் கொஞ்சம் வண்டிதான் இன்றைக்கு எடை. அப்புறம் கேட்டை மூடுகிறார்கள். ரெண்டு நாளும் ஆகலாம், மூணு நாளும் ஆகலாம்.

சொல்லி வாய் மூடுவதற்குள் முன்வரிசை நகர்ந்தது. ஜல்தி ஜல்தியென்று வாலை முறுக்கி ஓட்டினார்கள். ராயப்பன் வண்டிக்கு முன்னால் நீளமாக ரோடு திறந்து கிடந்தது. வெறும் ரோடு. அதன் நடுவே சாணி.

கண்ணையன் எழுந்து நின்றான். ஏரிப் பக்கம் திரும்பி, "ராயப்பா" என்று கூப்பிட்டான்.

கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏரிக்குக் கேட்கிற குரலில் கூப்பிடவில்லை. பக்கத்து ஆளைக் கூப்பிடுகிற குரல் அது. வயல்வெளியில் அரை மைலுக்குக் கேட்கிற தொண்டை அவனுக்கு உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பின்வண்டிக்காரன் சீனுவாசன் சத்தம் போட்டான். "இன்னா கண்ணையா, போறியா நிக்கறியா? நீ நிக்கறதுன்னா சொல்லு, நான் ஒதுக்கி அடிச்சிக்கினு போறேன்."

"ரிப்பன் கட்டியிருக்குதுப்பா."

"ரிப்பனு இருக்கட்டும். கேட்டு மூடறான்."

பிற்பாடு எத்தனையோ முறை கண்ணையன் அந்த நேரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெரிய அவசரம் ஏதாவது இருந்ததா என்று தேடினான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, விசேஷமா, ஒன்றும் இல்லை. தோள் வலித்தது. பசித்தது. வீட்டுக்குப் போய்ச் சுடச்சுட நாலு உருண்டை களி தின்றுவிட்டுக் கட்டாந்தரையில் மல்லாந்து படுக்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான். மாட்டுக்கு ஒரு மத்தியானம் ஓய்வு வேண்டும் என்று எல்லோரிடமும் பேசியவனுக்குத் தன் உடம்புக்கு ஒரு மத்தியானம் கிடைக்காமல் போய்விடுமோ என்று வந்துவிட்டது.

தாற்றுக்கோலால் ஒரு தட்டுத் தட்டினான். மாடுகளை வலது பக்கம் ஒடித்து, ராயப்பன் வண்டியை உரசினாற்போல் தாண்டினான். தாண்டும்போது ரிப்பன் காற்றில் ஆடி முழங்கையில் பட்டது. ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

அவன் தாண்டியதும் சீனுவாசன் தாண்டினான். அப்புறம் வரிசையே தாண்டியது. தோள்காரனே போய்விட்டான், இனி என்ன சட்டம்? முட்டுக் கொடுத்து நின்ற வண்டியெல்லாம் பாறை மாதிரி நிற்க, தண்ணீர் பிரிந்து ஓடுகிறாற்போல் ரெண்டு பக்கமும் வண்டிகள் ஓடின. மாட்டை அவிழ்த்திருந்தவர்கள் கத்திக்கொண்டே ஓடிவந்து, பாதி தண்ணீர் குடித்த மாடுகளை அடித்துப் பூட்டினார்கள். யாருக்கும் தோள் கொடுக்க ஆளில்லை.

கண்ணையன் வண்டி கேட்டுக்குள் போய்விட்டது. அவனுக்கப்புறம் ஒன்றிரண்டு வண்டியோடு கேட்டு மூடியது. அன்று சாயங்காலம் அவன் களி தின்றான். மல்லாந்து படுத்தான். தூக்கம்கூட வந்தது. அதுதான் இன்றைக்கும் அவனால் ஜீரணிக்க முடியாத விஷயம். நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை அடுத்த நடை கரும்போடு வந்தான். கேட்டு அன்று காலையில்தான் திறந்திருந்தது. வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்தியபோதே ஒன்று உறைத்தது. ஒரு வண்டிகூட முட்டில் இல்லை. எல்லா மாடும் பூட்டியபடி வாயில் நுரையோடு நின்றன. கேட்டு எந்த நிமிஷத்தில் திறக்குமோ என்று புதன்கிழமையிலிருந்து ஒருவனும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் தாண்டுவான் என்று எல்லோருக்கும் இப்போது தெரியும்.

முன்னால் கூட்டமாக நின்றார்கள். கண்ணையன் நடந்து போனான்.

வெள்ளை புளியமரத்தடியில் கிடந்தது. முன்னங்கால் ரெண்டும் உடம்புக்கு அடியில் மடிந்திருந்தன. நின்றபடியே கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. ஏற்றிய வண்டியின் ஏர்க்கால் அத்தனை பாரத்தோடும் கழுத்தில் இறங்கிவிட்டது. ஜோடி மாட்டைக் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் காப்பாற்றியிருந்தார்கள். வெள்ளையின் கண் திறந்திருந்தது. அம்சா ஒரு தோகையால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். செத்த மாட்டுக்கு எதற்கு விரட்டுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

குசுமா குடையை விரிக்காமல் வெயிலில் நின்றாள். வாளி கவிழ்ந்து கிடந்தது.

"யாருங்க முதல்ல தாண்டினது?" என்றாள்.

சீனுவாசன் ரோட்டைப் பார்த்தான்.

"ரிப்பனை யாராவது அவுத்துட்டாங்களா?"

"இல்லம்மா" என்றான் ராயப்பன். "கட்டுனது கட்டுன மாதிரியே இருந்துச்சி. நான்தான் வந்து அவுத்தேன்."

"உங்க வண்டிக்குப் பின்னாடி யாரு இருந்தாங்க?"

ராயப்பன் தலையைத் தூக்கினான். கண்ணையன் நேர் எதிரேதான் நின்றான். ரெண்டு பேர் கண்ணும் சந்தித்தன. எந்த நேரத்திலும் ஒரு வேடிக்கைப் பேச்சு சொல்கிற வாய் அது.

"கவனிக்கலம்மா" என்றான் ராயப்பன். "நான் ஏரியில இருந்தேன்."

கண்ணையன் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் என்று ஒரு சொல். தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றிலும் அவனைத் தோள்காரன் என்று கூப்பிடுகிற ஆட்கள். அந்தச் சொல் வந்த வழியே இறங்கிவிட்டது.

குசுமா அத்தோடு விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் விடவில்லை. அடுத்தவன் நல்லவனாக இருப்பான் என்று நம்பி மாட்டின் கழுத்தைப் பணயம் வைக்கக் கூடாது என்று வீரம்மாளிடம் சொன்னாளாம். ஆலையே ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் போட்ட தகரத் தட்டுக் கொடுக்க வேண்டும், நம்பர்ப்படிதான் எடை போட வேண்டும், அப்போது எவன் தாண்டினாலும் பிரயோஜனம் இல்லை என்று மனு எழுதினாள். இன்ஸ்டிடியூட் பெண்களுக்கு ஸ்பீடு பிராக்டிஸுக்கே அந்த மனுவைத்தான் அடிக்கக் கொடுத்தாள். அடித்த காப்பியையெல்லாம் ஆலைக்கும், அதிகாரிக்கும், மாட்டு டாக்டருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். டீக்கடைக்காரி, கண்டக்டர், தபால்காரர் என்று ரோட்டில் போகிற வருகிற அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். கண்ணையனும் போட்டான். போடும்போது அவள் அவன் கையையே பார்த்த மாதிரி இருந்தது. பார்த்திருக்கவும் மாட்டாள்.

அடுத்த பருவத்தில் தகரத் தட்டு வந்தது. வண்டிகள் நிம்மதியாக முட்டில் நின்றன. மாடுகள் ஏரிக்கரையில் படுத்து அசை போட்டன. தோள் கொடுக்க எல்லோரும் வந்தார்கள். ராயப்பன் மட்டும் வரவில்லை. ஒற்றை மாட்டை வைத்து என்ன செய்வது? அதையும் விற்றுவிட்டான் என்றார்கள்.

அதற்கும் அடுத்த வருஷம், எண்பத்தேழில், குசுமா கண்ணையனுக்குச் சொல்லி அனுப்பினாள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை கொண்டுவருகிற வண்டிகளும் இதே மாதிரி பூட்டியபடி வெயிலில் கிடக்கின்றன. வண்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். "நான் சொன்னா மாட்டுக்காரி வந்துட்டாம்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே."

போனான். மண்டி வாசலில் வண்டிக்காரர்கள் குந்தியிருந்தார்கள். அவன் பேசினான். வரிசை, தாங்குகட்டை, கோணி மெத்தை, கழனித்தண்ணித் தொட்டி எல்லாம் சொன்னான். தகரத் தட்டு வருகிற வரைக்கும் ரிப்பன் கட்டிச் சமாளிக்கலாம் என்றான்.

ஒரு கிழவன் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான். "ரிப்பனைக் கட்டிட்டுப் போறோம். எவனாவது தாண்டிக்கினு போயிட்டா?"

அந்த நேரத்தில்தான் மண்டிக்குள்ளிருந்து ஒரு மூட்டை வெளியே வந்தது. மூட்டைக்கு அடியில் ராயப்பன். மூட்டையை லாரியில் தள்ளிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். கண்ணையனைப் பார்த்தான். பிடரியில் தோல் கறுத்துத் தடித்து, நடுவில் ஒரு இடம் உரிந்து சிவப்பாக இருந்தது. அந்த மாதிரி இடத்தைக் கண்ணையன் நிறைய பார்த்திருக்கிறான், மாட்டில்.

"அப்பிடில்லாம் யாரும் போவ மாட்டாங்க" என்றான் கண்ணையன்.

ராயப்பன் அடுத்த மூட்டைக்கு உள்ளே போனான்.

மத்தியானம் ரெண்டு பேரும் டீக்கடையில் நின்றார்கள். ராயப்பனே கூப்பிட்டான். பழைய மாதிரிதான் பேசினான். "இங்க எனக்கு ராஜ உபசாரம்ணா. அந்தம்மா எனக்கும் ஒரு கோணியை மடிச்சித் தைச்சிக் குடுத்துச்சி, கழுத்துக்கு. எண்ணெயும் அதே எண்ணெதான். வாலு ஒண்ணுதான் இல்ல."

கண்ணையனால் சிரிக்க முடியவில்லை. "ராயப்பா, மறுபடி ஒரு ஜோடி புடி. நான் கூட நிக்கறேன். லைன்ல என் எடத்தை எடுத்துக்க. பருவம் பூரா எடுத்துக்க."

"தட்டு குடுக்கறானே இப்ப, எடத்துக்கு இன்னா பஞ்சம்? அந்த எடம் அன்னிக்கித்தாண்ணா எடம்." ராயப்பன் டீயை ஒரு வாய் குடித்தான். கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காத. அன்னிக்கி என்னைக் கூப்ட்டியாணா?"

"கூப்ட்டேன்" என்றான் கண்ணையன்.

"எனக்குக் கேக்கலியே."

"கூப்ட்டேன்பா."

"செரி." ராயப்பன் கிளாஸை வைத்தான். "அம்சா கேட்டுக்கினே இருக்கும், அதான். கூப்ட்டாருன்னு சொல்லிடறேன்." கோணியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி மண்டிக்குள் போனான்.

கண்ணையன் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம் யாரோ துண்டு போட்டு வைத்திருந்தார்கள். கடைசி வரைக்கும் அந்த இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவன் நின்றுகொண்டே வந்தான். வலது தோள் எரிந்தது.

அன்றைக்கு ஏரி வரைக்கும் கேட்கும்படி ஒரு குரல் அவன் ராயப்பனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். வெள்ளைக்கு ஒரு மத்தியான ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அந்த ரெண்டு கடனையும் கண்ணையன் இன்னும் தீர்க்கவில்லை.